கதவைத் தட்டியவன் எல்லாம் திருடனா? அடைத்த போர்ட்டும் செக்யூரிட்டி லாகும்: ஒரு குட்டி வரலாறு



போன பதிவில் சோழர் காலத்து ஏரிகளைப் பற்றி எழுதிவிட்டு, இந்தத் தடவை கம்ப்யூட்டர் பக்கம் தாவுகிறேன். "எதற்கும் எதற்கும் சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள். இந்தப் பக்கமே ஒரு கதம்பம்தான். ஆனால் இந்தக் கட்டுரைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கொஞ்சம் வெட்கமான காரணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் விடுதியில் எல்லோருக்கும் ஒரே நெட்வொர்க். போன செமஸ்டரில் நெட்வொர்க் செக்யூரிட்டி பாடம் வந்ததும் எனக்குள் ஒரு துப்பறியும் சாம்பு விழித்துக்கொண்டார். என் லேப்டாப்பில் விண்டோஸ் தருகிற எல்லாத் தணிக்கை வசதிகளையும் ஆன் செய்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எழுந்து ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி லாகைத் திறந்தால் பகீர் என்றது. 5152, 5152, 5152... பக்கம் பக்கமாக அதே எண். "விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் ஒரு பாக்கெட்டைத் தடுத்தது" என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. அனுப்பிய முகவரியைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே ஐபி. விசாரித்ததில் அது பக்கத்து அறை நண்பனுடைய லேப்டாப்.

அவ்வளவுதான். "ராத்திரி முழுக்க என் கம்ப்யூட்டரை உடைக்கப் பார்த்திருக்கிறான்" என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று மதியம் மெஸ்ஸில் அவன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய் உட்கார்ந்தான். அவனோடு யாரும் உட்காரவில்லை.

மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அந்த லாக் வரிகளை நான் எப்படிப் படித்திருக்க வேண்டும் என்று தேடப் போனபோது, அதற்குப் பின்னால் ஐம்பது வருட வரலாறு இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதவு எண்கள் வந்த கதை

ஒரு கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரி என்பது தெருவும் வீட்டு எண்ணும் மாதிரி. அந்த வீட்டுக்குள் மெயில் வாங்குகிறவர் ஒருவர், வலைப்பக்கம் கொடுக்கிறவர் ஒருவர், ஃபைல் கொடுக்கிறவர் ஒருவர் எனப் பல பேர் இருக்கிறார்கள். வந்த பாக்கெட் யாருக்கு என்று சொல்வதுதான் போர்ட் எண்.

இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டில் ஆரம்பத்தில் யார் எந்த எண்ணைப் பயன்படுத்துவது என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. 1972 மே மாதம் ஜான் போஸ்டல் என்கிற ஆராய்ச்சியாளர் 349ஆம் எண் ஆர்.எஃப்.சி. ஆவணத்தில் ஒரு யோசனை சொன்னார். இந்த எண்களை ஒதுக்கித் தர ஒரே ஆள் பொறுப்பாக இருக்கட்டும், அது நானாகவும் இருக்கலாம் என்பது அதன் சாரம். அப்படியே ஆனது. 1998ல் இறக்கும் வரை இணையத்தின் எண்களுக்கு அவர்தான் கிட்டத்தட்ட ஊர்க் கணக்கப்பிள்ளை.

1981ல் வெளியான டிசிபி விதிமுறை, போர்ட் எண்ணுக்கு 16 பிட் இடம் ஒதுக்கியது. அதனால் 0 முதல் 65535 வரை மொத்தம் 65,536 கதவுகள். 25 என்றால் மெயில், 23 என்றால் டெல்நெட், 80 என்றால் வலை. 1995 ஜூலையில் பின்லாந்தின் டாட்டு யுலோனன் தான் எழுதிய எஸ்எஸ்ஹெச் நிரலுக்கு ஒரு எண் கேட்டு மெயில் அனுப்பினார். 21க்கும் 23க்கும் நடுவில் காலியாக இருந்த 22 கிடைத்தது. இன்றைக்கு அப்படி ஒரு மெயில் போட்டு எண் வாங்கிவிட முடியுமா என்ன?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டிசிபி விதிப்படி, யாரும் கேட்டுக்கொண்டிருக்காத போர்ட்டுக்கு ஒரு பாக்கெட் வந்தால், "இங்கே ஆள் இல்லை" என்று மரியாதையாகப் பதில் அனுப்ப வேண்டும். அதாவது மூடிய கதவு பதில் பேசும். ஆனால் ஃபயர்வால் தடுத்த கதவு பெரும்பாலும் பேசவே பேசாது. தட்டியவன் வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நிற்பான். "மூடியது" வேறு, "தடுத்தது" வேறு. நம் லாகில் விழுவது இரண்டாவது வகை.

எழுதி வைப்பது யார் யோசனை?

1980ல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் அமெரிக்க விமானப் படைக்காக ஓர் அறிக்கை எழுதினார். கம்ப்யூட்டர்கள் கணக்குப் பார்க்கச் சேர்த்து வைக்கும் தணிக்கைப் பதிவுகளையே அலசினால், உள்ளே நடக்கும் தப்பு தண்டாவைக் கண்டுபிடிக்கலாம் என்று அதில் சொன்னார். 1983ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட "ஆரஞ்சுப் புத்தகம்" (அட்டை நிறத்தால் வந்த பெயர்!) ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மேல் உள்ள எந்தக் கம்ப்யூட்டரும் யார் என்ன செய்தார்கள் என்று பதிவு வைத்தே ஆக வேண்டும் என்றது. அந்தத் தரத்துக்குப் பெயர் சி2. 1993ல் விண்டோஸ் என்டி வந்தபோது அந்தத் தரத்தை எட்டுவது அதன் இலக்குகளில் ஒன்று. நம் ஈவென்ட் வியூவரில் "செக்யூரிட்டி" என்று தனியாக ஒரு லாக் இருப்பதன் வேர் இங்கேதான்.

ஆனால் பதிவின் அருமையை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு வானியல்காரர். 1986 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் நேரக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. நம் காசில் டீக்காசு. வேறு யாராவது என்றால் தள்ளிவிட்டிருப்பார்கள். புதிதாக அந்த வேலைக்கு வந்த கிளிஃப் ஸ்டோல் விடவில்லை. சக ஊழியர்களின் மேசைகளிலிருந்த டெர்மினல்களையும் பிரின்டர்களையும் வார இறுதியில் "கடன் வாங்கி", உள்ளே வரும் தொலைபேசி இணைப்புகளில் மாட்டி, வருகிற ஒவ்வொரு எழுத்தையும் காகிதத்தில் அச்சடிக்க வைத்தார். மாதக்கணக்கில் தொடர்ந்த பிறகு, அந்த ஆசாமி ஜெர்மனியின் ஹனோவரில் இருக்கும் மார்கஸ் ஹெஸ் என்று தெரிந்தது. அவன் சுமார் 450 கம்ப்யூட்டர்களைத் தட்டிப் பார்த்து, முப்பதுக்கு மேற்பட்டவற்றில் நுழைந்திருந்தான். எடுத்த தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டன.

இதில் எனக்குப் பிடித்தது வேகம் இல்லை, பொறுமை. முதல் நாளே "இவன்தான்" என்று யாரையும் ஸ்டோல் கை காட்டவில்லை. வந்தவனைத் துரத்திவிடாமல், ஒவ்வொரு தடயத்தையும் நேரம் போட்டுக் குறித்து வைத்தார். (நான் எடுத்துக்கொண்டது ஒரு ராத்திரி. ஹும்.)

சத்தமில்லாமல் கவனித்த காவல்காரர்

1988 நவம்பர் 2ஆம் தேதி மோரிஸ் புழு கிளம்பியது. மெயில், ஃபிங்கர் போன்ற திறந்திருந்த சேவைகள் வழியாகவே அது பரவியது. "கதவு திறந்திருக்கிறது, யார் வருகிறார்கள் என்றே தெரியவில்லை" என்ற பயம் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் வந்தது.

1990 வாக்கில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு விஷமி அடிக்கடி நுழைந்து, போகும்போது எல்லா ஃபைலையும் அழித்துவிட்டுப் போனான். தடயமும் சேர்ந்தே அழிந்தது. அங்கே இருந்த வீட்சா வெனமா ஒரு சின்ன நிரல் எழுதினார். டெல்நெட், ஃபிங்கர் போன்ற சேவைகளுக்கு முன்னால் அது உட்கார்ந்துகொள்ளும். வருகிறவரின் முகவரியைக் குறித்துக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே அனுப்பும். அதுதான் டிசிபி ராப்பர். முதலில் அது யாரையும் தடுக்கவில்லை, எழுதி மட்டும் வைத்தது. தடுக்கும் வசதி பிறகுதான் சேர்ந்தது. லினக்ஸ், யூனிக்ஸ் பக்கம் பல வருடம் இது இல்லாத கம்ப்யூட்டரே இல்லை எனலாம்.

1993ல் ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தின் ஸ்டீவன் பெலோவின் ஒரு கட்டுரை எழுதினார். தங்கள் நெட்வொர்க்குக்கு வரவே கூடாத பாக்கெட்டுகளைப் பிடித்து வைத்து, அவை என்ன, ஏன் வந்தன என்று அலசிய கட்டுரை அது. தாக்குபவர்களைத் தேடித்தான் வலை விரித்தார்கள். ஆனால் வலையில் விழுந்ததில் தப்பாக அமைத்த கம்ப்யூட்டர்கள், நிரல் பிழைகள், எங்கிருந்தோ வழிதவறி வந்த பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் எல்லாம் இருந்தன. 1993லேயே!

இதை மட்டும் நான் முன்னாடியே படித்திருந்தால் மெஸ்ஸில் அந்தக் காட்சி நடந்திருக்காது.

அனுப்புநர் முகவரி என்கிற பொய்சாட்சி

தபால் கவரில் "அனுப்புநர்" இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம், தபால்காரர் சரிபார்ப்பதில்லை. ஐபி பாக்கெட்டும் அப்படித்தான். 2001ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் டேவிட் மூர், ஜெஃப்ரி வோல்கர், ஸ்டெஃபான் சாவேஜ் மூவரும் இதையே வைத்து ஓர் அருமையான ஆராய்ச்சி செய்தார்கள்.

ஒருவன் ஒரு சர்வரைத் திணறடிக்க, அனுப்புநர் இடத்தில் கண்டபடி முகவரிகளைப் போட்டுப் பாக்கெட்டுகளை அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாங்கும் சர்வர், பாவம், ஒவ்வொரு பொய் முகவரிக்கும் பதில் அனுப்பும். அந்தப் பதில்கள் உலகம் முழுக்கச் சிதறும். யாரும் பயன்படுத்தாத ஒரு பெரிய முகவரிக் கூட்டத்தில் உட்கார்ந்து அந்தச் சிதறலை எண்ணினார்கள். மூன்று வாரத்தில் 5,000க்கும் மேற்பட்ட இலக்குகள் மீது 12,000க்கும் மேற்பட்ட தாக்குதல்கள் தெரிந்தன.

இப்போது அந்தப் பதில் பாக்கெட் ஒன்று உங்கள் கம்ப்யூட்டருக்கு வருகிறது. நீங்கள் கேட்காத பதில் என்பதால் ஃபயர்வால் தடுத்து, லாகில் எழுதுகிறது. அனுப்பியவர் என்று அங்கே தெரிவது யார் முகவரி? அடிவாங்கியவருடைய முகவரி! அவரைத் தாக்குபவர் என்று நினைத்துப் புகார் கொடுத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அதே 2001ல் இன்னொரு பக்கமும் தெரிந்தது. யோஹானஸ் உல்ரிக் என்பவர் 2000 கடைசியில் டீஷீல்ட் என்ற தளத்தைத் தொடங்கியிருந்தார். ஊர் உலகத்தில் உள்ளவர்கள் தங்கள் ஃபயர்வால் லாகை அங்கே அனுப்பலாம். 2001 மார்ச்சில் 53ஆம் போர்ட்டைத் தட்டுவது திடீரென எல்லா இடத்திலும் கூடியது. லினக்ஸ் சர்வர்களைத் தாக்கிய லயன் என்ற புழு இப்படித்தான் அகப்பட்டது. ஒருத்தர் லாகில் ஒரு வரி என்றால் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆயிரம் பேர் லாகில் அதே வரி என்றால் அது செய்தி.

2003: விண்டோஸ்காரர்களின் கெட்ட காலம்

2003 ஜனவரி 25. எஸ்க்யூஎல் ஸ்லாமர். வெறும் 376 பைட் நீளம், இந்தப் பத்தியை விடச் சின்னது! யூடிபி 1434 போர்ட்டுக்கு ஒரே ஒரு பாக்கெட், வேலை முடிந்தது. ஆரம்ப நிமிடத்தில் 8.5 விநாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகி, பத்தே நிமிடத்தில் பாதிக்கப்படக்கூடிய கம்ப்யூட்டர்களில் சுமார் 90 சதவீதத்தைப் பிடித்தது. குறைந்தது 75,000 கம்ப்யூட்டர்கள். இதற்கான பேட்ச் ஆறு மாதம் முன்பே, 2002 ஜூலையில் வந்திருந்தது.

ஆகஸ்ட் 11ல் பிளாஸ்டர் வந்தது. இது டிசிபி 135 வழி. "அறுபது விநாடியில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்" என்ற பெட்டி திரையில் வந்து எண்ண ஆரம்பிக்கும். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 2004 ஏப்ரல் கடைசியில் சாசர் வந்தது, 445 வழி. அதை எழுதியவன் ஜெர்மனியில் ஒரு மாணவன், அப்போதுதான் 18 வயது.

விண்டோஸ் எக்ஸ்பியில் 2001லிருந்தே ஒரு ஃபயர்வால் இருக்கத்தான் செய்தது. ஆனால் ஆஃப் செய்தே கொடுத்தார்கள், செட்டிங்கும் எங்கோ ஒளிந்திருந்தது. பூட்டு இருக்கிறது, போட்டுத்தான் தரவில்லை! இந்த அடிகளுக்குப் பிறகு 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2, ஃபயர்வாலை ஆன் செய்தே கொடுத்தது. தடுத்ததை எழுத ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் வைத்துக்கொள்ளலாம். தேதி, நேரம், என்ன செய்தது, எந்த நெறிமுறை, யாரிடமிருந்து, யாருக்கு, எந்தப் போர்ட் என்று ஒவ்வொரு வரியிலும் வரிசையாக இருக்கும். ஆனால் அந்த எழுதும் வசதி மட்டும் தானாக ஆன் ஆகாது, நாம்தான் டிக் செய்ய வேண்டும்.

அடுத்து 2006 கடைசியில் நிறுவனங்களுக்கும் 2007 ஜனவரியில் நமக்கும் வந்த விஸ்டாவில் அடித்தளத்தையே மாற்றினார்கள். விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம் என்ற புது ஏற்பாடு வந்தது. விண்டோஸ் ஃபயர்வாலும், பிற ஃபயர்வால், ஆன்ட்டிவைரஸ் மென்பொருள்களும் தங்கள் விதிகளை இங்கேதான் பதிய வேண்டும். செக்யூரிட்டி லாக் எண்களும் மாறின. பழைய எண்கள் பலவற்றோடு 4096ஐக் கூட்டினால் புது எண். உதாரணமாக, லாகின் ஆனதைச் சொன்ன 528 இப்போது 4624. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்!

சரி, அந்த எண்களைப் படிப்பது எப்படி?

போர்ட் சம்பந்தப்பட்ட முக்கியமான எண்கள் இவை:

- 5152: ஒரு பாக்கெட் தடுக்கப்பட்டது.
- 5157: ஒரு இணைப்பு தடுக்கப்பட்டது.
- 5156: ஒரு இணைப்பு அனுமதிக்கப்பட்டது.
- 5154: ஒரு நிரல், போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்க அனுமதிக்கப்பட்டது. 5155 என்றால் அது தடுக்கப்பட்டது.
- 5158: ஒரு நிரல் ஒரு போர்ட்டைப் பிடித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்டது. 5159 என்றால் தடுக்கப்பட்டது.
- 5031: உள்ளே வரும் இணைப்புகளை ஏற்க ஒரு நிரல் முயன்றது, ஃபயர்வால் விடவில்லை.

ஒரு 5152ஐத் திறந்தால் உள்ளே என்ன பார்க்க வேண்டும்? நான் கற்றுக்கொண்ட வரிசை இது.

முதலில் திசை. உள்ளே வந்ததா, வெளியே போனதா? வெளியிலிருந்து தட்டுவது ஊருக்கே நடப்பது. ஆனால் நம் கம்ப்யூட்டரிலிருந்தே ஒரு நிரல் வெளியே போக முயன்று தடுக்கப்பட்டிருந்தால், உடனே நிரலின் பெயரைப் பாருங்கள். இதைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது பெறுநர் முகவரி. இது உங்கள் ஐபி தானா? 255 என்று முடிந்தால் அது பெரும்பாலும் பிராட்காஸ்ட், தெருவில் தமுக்கடிப்பது மாதிரி. 224 முதல் 239 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் மல்டிகாஸ்ட், ஒரு குழுவையே கூப்பிடுவது. இரண்டுமே குறிப்பாக உங்களுக்கு வந்தவை அல்ல.

மூன்றாவது போர்ட்டும் நெறிமுறையும். நெறிமுறை 6 என்றால் டிசிபி, 17 என்றால் யூடிபி. 137 விண்டோஸின் பழைய பெயர் தேடல் (1987லேயே ஆவணமாக வந்தது). 1900 வீட்டுச் சாதனங்கள் ஒன்றையொன்று தேடுவது. 5355ம் பெயர் தேடல்தான், 2007ல் ஆவணமானது. அனுப்பிய பக்கத்துப் போர்ட் 53 அல்லது 443 என்றால், நீங்களே கேட்ட கேள்விக்குத் தாமதமாக வந்த பதிலாக இருக்கலாம்.

நான்காவது நிரல். பெயர் இடத்தில் வெறும் கோடு இருந்தால், அந்தப் பாக்கெட்டை எந்த நிரலோடும் சேர்க்க முடியவில்லை என்று அர்த்தம். "சிஸ்டம்" என்றும் 4 என்றும் இருந்தால் விண்டோஸின் மையப் பகுதி, வைரஸ் இல்லை.

ஐந்தாவது ஃபில்டர் எண். எந்த விதி தடுத்தது என்பதற்கான சாவி இது. நெட்ஷ் கட்டளையில் டபிள்யூஎஃப்பி ஃபில்டர் பட்டியலை எடுத்து, அதில் இந்த எண்ணைத் தேடினால் விதியின் பெயர் கிடைக்கும். ஆனால் உடனே தேடுங்கள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் இந்த எண்கள் மாறலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இந்தத் தணிக்கை தானாக ஆன் ஆகி வருவதில்லை, அதற்கும் காரணம் உண்டு. செக்யூரிட்டி லாகுக்குக் குறிப்பிட்ட இடம்தான். நிரம்பினால் பழையதை அழித்துவிட்டு மேலே எழுதும். என்னை மாதிரி எல்லாவற்றையும் ஆன் செய்து வைத்தால், 5152 மழையில் 4625 (தப்பான பாஸ்வேர்டில் லாகின் முயற்சி) மாதிரி உண்மையிலேயே முக்கியமான வரிகள் அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு சந்தேகத்துக்காக ஆன் செய்யுங்கள், தெரிந்ததும் ஆஃப் செய்யுங்கள்.

அப்போ பயப்படவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. 2008 நவம்பரில் கான்ஃபிக்கரும் 2017 மே 12ல் வான்னாக்ரையும் அதே 445 வழியாகத்தான் பரவின. இரண்டுக்கும் பேட்ச் முன்பே வந்திருந்தது. 2013ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் இசட்மேப் என்ற நிரலை வெளியிட்டார்கள். நல்ல இணைப்பு இருந்தால், பழைய வகை ஐபி முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம். அதாவது நேரடியாக இணையத்தைப் பார்த்து நிற்கும் எந்தக் கம்ப்யூட்டரையும் யாரோ தட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். அதில் திருடனும் உண்டு, ஆராய்ச்சி மாணவனும் உண்டு.

ஆனால் "தடுத்தேன்" என்று லாக் சொல்வது, பூட்டு வேலை செய்தது என்பதற்கான சாட்சி. நாம் அதிகம் கவலைப்பட வேண்டியது தடுக்காமல் விட்ட கதவைப் பற்றி. ஸ்லாமருக்கும் வான்னாக்ரைக்கும் இரையானவை திறந்த கதவுகள். அதனால் 5152ஐ எண்ணி நடுங்குவதைவிட, நம் கம்ப்யூட்டரில் எந்த நிரல் எந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பது புத்திசாலித்தனம்.

மெஸ் மேசைக்குத் திரும்புவோம்

இவ்வளவும் படித்த பிறகு என் ஸ்கிரீன்ஷாட்டை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அனுப்புநர்: நண்பனின் லேப்டாப். சரி. பெறுநர்? என் ஐபி இல்லை. 224.0.0.252. போர்ட் 5355, யூடிபி.

அதாவது அவன் லேப்டாப், "இந்தப் பெயரில் இங்கே யாராவது இருக்கிறீர்களா?" என்று விடுதி நெட்வொர்க்கில் இருந்த எல்லோரிடமும் கேட்டிருக்கிறது. எதையோ தேடி, கிடைக்காமல், ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. அவன் அந்நேரம் குறட்டை விட்டுத் தூங்கியிருப்பான். என் விண்டோஸ், விடுதி நெட்வொர்க்கைப் "பொது" இடமாக வைத்திருந்ததால், ஒவ்வொரு கேள்வியையும் தடுத்து எழுதியிருக்கிறது. விடுதியில் வேறு எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்கும் அதே பாக்கெட் போயிருக்கும். அவர்கள் யாரும் தணிக்கையை ஆன் செய்து வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன், என் லேப்டாப்பும் அதையேதான் செய்துகொண்டிருந்தது. அவன் லாகை ஆன் செய்திருந்தால் அதில் "தாக்குபவன்" நான்!

அனுப்புநரைப் பார்த்தேன், பெறுநரைப் பார்க்கவில்லை. லாகில் எல்லா விவரமும் இருந்தது. எனக்கு வேண்டியதை மட்டும் படித்தேன்.

அன்று ராத்திரி அவன் அறைக் கதவைத் தட்டினேன். (இந்தத் தட்டலை யாரும் பதிவு செய்யவில்லை.) விளக்கிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இதை முதல்லயே என்கிட்ட கேட்டிருக்கலாம்லடா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வகுப்புக் குழுவிலும் தப்பு என்னுடையது என்று எழுதினேன். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதைப் படித்தார்களா என்றால், இல்லை. சந்தேகம் பரவுகிற வேகத்தில் திருத்தம் பரவுவதில்லை. இப்போது பேசிக்கொள்கிறோம். பழைய மாதிரியா என்று கேட்டால், கொஞ்சம் நாள் ஆகும்.

இந்தக் கட்டுரையை வெளியிடும் முன் அவனிடம் படிக்கக் கொடுத்தேன். "சரி, போடு" என்றான். 376 பைட் கணக்கையும் அவன்தான் சரிபார்த்தான்.

உங்கள் லாகிலும் இப்படி விளங்காத போர்ட் எண் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம். அதுவரை யாரையும் கை காட்டாதீர்கள்!

அடுத்த பதிவில் சந்திப்போம். அநேகமாக தபால் தலைகளைப் பற்றி.